ஹெட்ஸ்டொக்கில் இறுகிப்போன புல்லியைக் கழற்றுவது எப்படி? (பழைய மரக்கடைச்சல் இயந்திரம், திருகோணமலை)

உவர்மலை கடைச்சல்காரன் | சனி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பயன்படுத்திய பழைய ஆங்கிலேய வார்ப்பிரும்பு மரக்கடைச்சல் இயந்திரம் ஒன்றை உவர்மலையில் வீட்டின் பின்கொட்டகையில் வைத்து நான் இப்போது வேலை செய்து வருகிறேன். படிக்கட்டுக் கைபிடித் தூண்கள், கட்டில் கால்கள், இடைக்கிடை இடியப்ப உரல் ஆகியவைதான் நான் கடைபவை. மரம் பெரும்பாலும் முதிரை, சில வேளை தேக்கு.

சென்ற மாதம் முதல் ஸ்பின்டில் (மரத்தைச் சுழற்றும் தண்டு) சுழலும்போது அரைபடும் சத்தம் கேட்கிறது. பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கையால் சுற்றினால் உள்ளே மணல் விழுந்தது போலச் சொரசொரக்கிறது. பேரிங் இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெல்ட் ஓடும், மூன்று படிகளைக் கொண்ட புல்லி இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே 1 அங்குல ஸ்பின்டிலில் அமர்ந்திருப்பதால், அது நகராமல் ஸ்பின்டில் வெளியே வராது.

புல்லியை ஸ்பின்டிலோடு பிடிக்கும் தலையில்லாத கிரப் ஸ்குரூவைக் கழற்றிவிட்டேன். மூன்று நாட்கள் டபிள்யூ.டி.-40 அடித்து ஊறவைத்தேன். கொட்டாப்புளியால் ஸ்பின்டிலின் பின்முனையில் தட்டிப் பார்த்தேன். எதற்கும் அசையாமல் போகவே நேற்றுப் பொறுமையிழந்து, புல்லிக்கும் ஹெட்ஸ்டொக்கின் (ஸ்பின்டிலைத் தாங்கும் வார்ப்புப் பெட்டி) சுவருக்கும் இடையில் அலவாங்கின் நுனியைக் கொடுத்து நெம்பினேன். பெரிய படியின் விளிம்பில் பெருவிரல் நகமளவு துண்டு உடைந்து விழுந்ததே தவிர, புல்லி மயிரிழையும் நகரவில்லை.

நகரிலுள்ள ஒரு லேத் பட்டறையில் கேட்டபோது புல்லியை அறுத்தெடுத்துவிட்டு வேறொன்று போடச் சொன்னார்கள். இதே புல்லி இனிக் கிடைக்காது என்பதால் மனம் ஒப்பவில்லை. நெருப்புக் காட்டலாமா, எந்தப் பக்கமாகத் தள்ள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

நிலாவெளி மெக்கானிக் | சனி, இரவு 10.15

தம்பி, முதல் வேலையாக அலவாங்கைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

வார்ப்பிரும்பு பெரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். வளைக்கப் பார்த்தால் முன்னறிவிப்பின்றி உடையும். புல்லியின் விளிம்பு மெல்லியது, நடுக்குடம் தடித்தது. ஆகவே விசை எப்போதும் குடத்தில்தான் விழ வேண்டும். விளிம்பில் நெம்பினால் புல்லி ஒரு பக்கமாகச் சரிந்து ஸ்பின்டிலை இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். நீங்கள் போட்ட பலமெல்லாம் அதை இறுக்குவதற்கே உதவியிருக்கும்.

மேலே எதையும் செய்வதற்கு முன் சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். புல்லியில் காந்தம் ஒட்டுகிறதா? ஸ்பின்டிலின் பின்முனையில் நட்டு, கொலர் (தண்டைச் சுற்றிய வளையம்), சேர்க்கிளிப் (பூட்டு வளையம்) ஏதும் உண்டா? கிரப் ஸ்குரூ கழன்ற துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தீர்களா, அதன் அடியில் தெரிவது உண்மையிலேயே ஸ்பின்டில்தானா? இந்தக் கடைசிக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிண்ணியா படகு எஞ்சின்காரன் | ஞாயிறு, காலை 6.50

நான் மரவேலைக்காரன் அல்லன். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துபவன். ஆனால் துருவைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து கிடக்கும்போது, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினாலே அந்த உப்பு தானாக நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். வாடைக்காலத்து இரவுகளில் நம் ஊரில் ஈரப்பதன் அதற்குக் கீழே இறங்குவதே அரிது. போதாததற்கு உங்கள் இயந்திரத்தில் மரத்தூளும் சேர்ந்து ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருக்கும். உலோகம் துருவாகும்போது பருமன் பெருகுவதால் இடைவெளி அடைபட்டு இறுகிவிடும்.

டபிள்யூ.டி.-40 நல்ல பொருள்தான். ஆனால் 1953இல் அதை உருவாக்கியதன் முதல் நோக்கம் நீரை அகற்றுவது. இறுகிய இடத்துக்குள் ஊடுருவுவதற்கு நாங்கள் தானியங்கிக் கியர் எண்ணெயையும் அசிற்றோனையும் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துகிறோம். இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகக் கலவாதவை என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். அசிற்றோன் எளிதில் தீப்பற்றும், வண்ணப்பூச்சையும் உரிக்கும். கலவை ஊறிய பின் குடத்தைக் காஸ் டோர்ச்சால் சூடாக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். எங்கள் பட்டறையில் இதற்கு அடங்காத புல்லி அபூர்வம்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர் | ஞாயிறு, காலை 9.05

கிண்ணியா நண்பர் கூறியவற்றுள் துருவைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். சூடாக்குவது பற்றி மட்டும் சில கணக்குகளைப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது நல்லது.

வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது அலுமினியம் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கு விரிகிறது; உருக்கு 12 பங்கு, வார்ப்பிரும்பு 10 முதல் 11 பங்கு வரை. உங்கள் ஸ்பின்டில் 25.4 மி.மீ. என்றால், புல்லி அலுமினியமாக இருந்து அதை மட்டும் 100 பாகை சூடாக்கினால் துளை ஏறத்தாழ 0.058 மி.மீ. பெருக்கும். அதே சூட்டில் வார்ப்பிரும்பின் துளை 0.027 மி.மீ. மட்டுமே பெருக்கும். இது சிறிய அளவுதான், ஆனாலும் துருவின் பிடியை உடைக்கப் போதுமானது. அவ்வாறு போதுமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஸ்பின்டில் குளிர்ந்திருக்க வேண்டும். மெதுவாக நெடுநேரம் சூடாக்கி இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால், வார்ப்பிரும்பை விட உருக்கு அதிகமாக விரிவதால் புல்லி தளர்வதற்குப் பதிலாக இறுகும். படகு எஞ்சின்களில் அலுமினியப் புல்லிகளைச் சூடாக்கிப் பழகிய கை, வார்ப்பிரும்பில் ஏமாறுவது இதனால்தான்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் சாம்பல் நிறத்தில், அலுமினியத்தைவிடக் கனமான நாகக் கலப்புலோகப் புல்லிகள் வரும். அவை 380 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும், அதற்கு வெகு முன்னரே வலுவிழந்துவிடும். காந்தம் ஒட்டாத எந்தப் புல்லிக்கும் காஸ் டோர்ச் காட்டக் கூடாது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஹெட்ஸ்டொக்கின் மூலைகளில் பல ஆண்டு மரத்தூளும் கிரீசும் அடைந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அது கனன்று கொண்டிருப்பது நள்ளிரவில்தான் தெரியவரும்.

உவர்மலை கடைச்சல்காரன் | ஞாயிறு, மாலை 4.30

சேர், கிண்ணியா நானா, மெக்கானிக் அண்ணன் மூவருக்கும் நன்றி. காந்தம் ஒட்டுகிறது; வார்ப்பிரும்புதான். பின்முனையில் ஒரு கொலரும் நட்டும் இருக்கின்றன. நட்டை இன்னும் கழற்றவில்லை, அதாவது நட்டு இறுகிய நிலையில்தான் இவ்வளவு நாளும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய செய்தி துளைக்குள் இருந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு துளையைக் கழுவிவிட்டு டோர்ச் அடித்தேன். அடியில் தெரிந்தது ஸ்பின்டில் அல்ல. அறுகோணப் பள்ளத்தோடு இன்னொரு கிரப் ஸ்குரூ! மேலே இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைத்திருக்கிறேன்.

உடனே 3 மி.மீ. அலன் கீயை (அறுகோணச் சாவி) விட்டுத் திருப்பினேன். சற்றுத் தளர்வாக நின்றது, முதலில் பிடித்தது போலவும் இருந்தது, பிறகு வழுக்கிவிட்டது. இப்போது பள்ளம் ஓரளவு வட்டமாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

நிலாவெளி மெக்கானிக் | ஞாயிறு, மாலை 5.10

அப்படியே நிறுத்துங்கள். இயந்திரம் ஆங்கிலேயருடையது, ஸ்பின்டில் 1 அங்குலம் என்றால் அந்த ஸ்குரூவும் அங்குல அளவுதான். கால் அங்குலக் கிரப் ஸ்குரூவுக்குரிய அலன் கீ ⅛ அங்குலம், அதாவது 3.175 மி.மீ. நீங்கள் விட்டது 3 மி.மீ. அந்த 0.175 மி.மீ. இடைவெளியில்தான் மூலைகள் தேய்ந்தன. இதில் உங்களை ஏமாற்றியது என்னவென்றால், சற்றுப் பெரிய அளவுகளில் இந்த வித்தியாசம் தெரியாது: 5/32 அங்குலம் 3.97 மி.மீ. என்பதால் 4 மி.மீ. கீ அதில் கச்சிதமாக வேலை செய்யும். ஒரு ஸ்குரூவில் சரிவந்தது இன்னொன்றிலும் சரிவரும் என்று எண்ணத் தோன்றும்.

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஸ்குரூ போடுவது பழைய தொழிலாளரின் வழக்கம். கீழுள்ளது புல்லியைப் பிடிக்கும். மேலுள்ளது அதிர்வில் கீழுள்ளது தளராமல் பூட்டும். மரக்கடைச்சலில் உளி விட்டுவிட்டுப் படுவதால் அதிர்வு அதிகம், ஆகவே அவர்கள் செய்தது சரிதான்.

முதலில் ⅛ அங்குல அலன் கீ ஒன்றைத் தேடுங்கள். அதன் நுனியைக் கிரைண்டரில் நேராக வெட்டிக் கூரான மூலை வரச் செய்து, கழுவிய பள்ளத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டி அடிவரை இறக்குங்கள். திருப்புவதற்கு முன் கீயின் தலையில் நாலைந்து முறை தட்டினால் மரையில் உள்ள துரு உடையும். அதுவும் வழுக்கினால், பள்ளத்தைவிட ஒரு துளி பெரிய, நட்சத்திர வடிவ டோர்க்ஸ் பிட்டை அடித்து இறக்கித் திருப்பலாம். அதுவும் போனால்தான் துளையிடுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

கந்தளாய் வாசகன் | ஞாயிறு, இரவு 8.00

நேரடியாகத் துளையிட்டு எடுத்துவிட்டால் என்ன? ஏன் இவ்வளவு சுற்றுவழி?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர் | ஞாயிறு, இரவு 8.45

கிரப் ஸ்குரூக்கள் கடினமாக்கப்பட்ட உருக்கினால் ஆனவை. ஸ்பின்டிலும் புல்லியும் அவற்றைவிட மென்மையானவை. கைட்ரில்லில் சாதாரண ட்ரில் பிட் போட்டால் அது கடின உலோகத்தை விட்டுச் சறுக்கி, பக்கத்திலுள்ள வார்ப்பிரும்பைத் தின்னத் தொடங்கும். கோபோல்ட் பிட், மெதுவான வேகம், எண்ணெய், நேராகப் பிடிக்க ஒரு வழிகாட்டிப் புஷ் ஆகியவை இருந்தால் முடியும். கால் அங்குல ஸ்குரூவுக்கு 5 மி.மீ.க்கு மேல் போகாமல் நடுவே துளைத்துவிட்டு, எஞ்சிய மரையைச் சுருளாகக் கிண்டி எடுக்கலாம். செய்ய முடிவது வேறு, முதலில் செய்ய வேண்டியது வேறு.

உவர்மலை கடைச்சல்காரன் | செவ்வாய், இரவு 7.20

ஏகாம்பரம் வீதியில் ஏறி இறங்கிய கடைகளில் அங்குல அலன் கீ தனியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் அயல்வீட்டு ஐயா ஒருவரின் பழைய கருவிப் பெட்டியில் துணியில் சுற்றிய முழுத் தொகுதியும் இருந்தது. மெக்கானிக் அண்ணன் சொன்னபடி நுனியை நேராக்கி, தட்டி இறக்கி, தலையில் தட்டினேன். நான்காவது தட்டலுக்குப் பின் திருப்பியபோது டக்கென்ற சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது. ஸ்குரூ இப்போது என் மேசையில் இருக்கிறது. நுனி கிண்ணம் போலக் குழிந்த வகை.

நட்டையும் கொலரையும் கழற்றினேன். நட்டு இடப்பக்க மரையாக இருக்கலாம் என்று எண்ணி இரு திசையும் மெதுவாகச் சோதித்தேன், சாதாரண மரைதான். நானாவின் கலவையை இரண்டு இரவுகள் விட்டேன். இன்று குடத்தின் மேல் ஒரு வன்மரக் கட்டையை வைத்துத் தட்டியபோது புல்லி முதன்முறையாக நகர்ந்தது! ஆனால் 2 மி.மீ. அளவு நகர்ந்து மறுபடியும் நின்றுவிட்டது. இப்போது முன்னைவிட இறுக்கமாக இருப்பது போல் தோன்றுகிறது. இனிச் சூடாக்கிப் பலமாக அடிக்கலாமா?

நிலாவெளி மெக்கானிக் | செவ்வாய், இரவு 7.45

அடிக்காதீர்கள். இத்தகைய வேலைகளில் ஸ்பின்டில்கள் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மேசையில் உள்ள ஸ்குரூவின் நுனியைப் பாருங்கள். கிண்ணத்தின் கூரான வட்ட விளிம்பு ஸ்பின்டிலுக்குள் இறங்கும்போது, அங்கிருந்த உலோகம் மறைந்து போவதில்லை. சேற்றில் கால் வைத்தால் விரல்களைச் சுற்றி மேடு எழும்புவது போல, குழியைச் சுற்றி ஒரு பிசிறு எழும்பி நிற்கும். கையால் தடவினால் மட்டுமே உணரக்கூடிய அந்த மேடு, புல்லியின் துளைக்கும் ஸ்பின்டிலுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது. குழி ஸ்குரூவின் துளைக்கு நேரே இருக்கும்வரை அந்த மேட்டுக்கு மேலே வெற்றிடம் உண்டு. புல்லி நகர்ந்ததும் மேடு துளையின் சுவருக்கு அடியில் போய் ஆப்பாகச் செருகிக்கொள்கிறது. நீங்கள் நகர்த்திய 2 மி.மீ. அதுதான். இனி அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்த ஆப்பை இறுக்கும். அதையும் மீறி வந்தால் ஸ்பின்டிலின் மேல் நீளமாக ஒரு கீறலை உழுதுகொண்டுதான் வரும். துருவுக்கு எண்ணெய் மருந்து; பிசிறுக்கு எண்ணெய் எதுவும் செய்யாது, சூடும் பெரிதாகச் செய்யாது.

ஆகவே முன்னே தள்ளுவதை விட்டுவிட்டுப் பின்னே தள்ளுங்கள். மறுபக்கத்திலிருந்து குடத்தில் தட்டி, புல்லியைப் பழைய இடத்துக்கே, ஸ்குரூவின் துளையும் ஸ்பின்டிலில் உள்ள குழியும் நேருக்கு நேர் வரும்வரை கொண்டுவாருங்கள். டோர்ச் அடித்தால் குழி நடுவில் தெரிய வேண்டும். பிறகு ஸ்குரூவின் துளை மரையை உரசாமல் உள்ளே போகக்கூடிய ஆகப் பெரிய ட்ரில் பிட்டை, உங்களுக்கு 5 மி.மீ. சரியாக இருக்கும், கையாலேயோ மிக மெதுவான ட்ரில்லாலேயோ இறக்கி, குழியைச் சுற்றியுள்ள மேட்டை மட்டும் சீவி எடுங்கள். அரை மி.மீ. ஆழம் போதும். புல்லியின் துளையே ட்ரில்லுக்கு வழிகாட்டி, தனியாக எதுவும் தேவையில்லை. வெளிவரும் சீவலைக் காந்தத்தால் எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டு, அதன் பிறகே தள்ளத் தொடங்குங்கள்.

கிண்ணியா படகு எஞ்சின்காரன் | செவ்வாய், இரவு 9.30

ஒப்புக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளாக இதைத் துரு என்றே எண்ணிச் சூடாக்கி அடித்துக் கழற்றியிருக்கிறேன்; கழற்றிய பின் தண்டில் தெரியும் கீறலையும் துருவின் கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

தள்ளுவதற்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. புல்லி இரு சுவர்களுக்கு நடுவே இருப்பதால் கொக்கிப் புல்லர் (கொக்கிகளால் பிடித்து இழுக்கும் கருவி) போட முடியாது. கொக்கி விளிம்பில்தான் பிடிக்கும் என்பதால் அது வேண்டவும் வேண்டாம். முதலில் மரம் பூட்டும் முகப்புப் பக்கத்துப் பேரிங் மூடியைக் கழற்றுங்கள். இவ்வகை இயந்திரங்களில் ஸ்பின்டில் அநேகமாக முகப்புப் பக்கமாகவே வெளியே வரும், ஏனெனில் தோள் தடித்திருப்பது அந்தப் பக்கம். எனினும் உங்கள் ஸ்பின்டிலின் தோள் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு புல்லியின் குடத்துக்கும் முகப்புப் பக்கச் சுவருக்கும் இடையில், ஸ்பின்டிலைச் சுற்றி அமரும்படி இரு பாதிகளாகப் பிளந்த ஒரு தடித்த குழாய்த் துண்டை முட்டாகக் கொடுங்கள். முட்டு குடத்தில் மட்டுமே பட வேண்டும். பின்பக்கத்தில் 12 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு ஒன்றை ஹெட்ஸ்டொக்கோடு இரு நீண்ட போல்ட்டுகளால் பிணைத்து, அதன் நடுவே மரை வெட்டி எம்12 (12 மி.மீ.) போல்ட் ஒன்றை ஸ்பின்டிலின் முனையில் அழுத்துமாறு முறுக்குங்கள். சுத்தியல் தராத விசையை அந்த ஒரு போல்ட் சத்தமின்றித் தரும். போல்ட்டின் நுனிக்கும் ஸ்பின்டிலுக்கும் இடையே ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் முனை பூப்போல மலர்ந்து பேரிங்குக்குள் நுழையாது.

தகடும் போல்ட்டும் என்னிடம் இருக்கின்றன. பாலத்தைத் தாண்டி வரும்போது பெற்றுக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர் | புதன், காலை 8.20

இந்த ஏற்பாட்டில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். போல்ட்டை ஒரேயடியாக முறுக்கிக்கொண்டே போக வேண்டாம். கையால் தாங்கும் அளவு இறுக்கிவிட்டுக் குடத்தைச் சுற்றிச் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கால் சுற்று. இறுகிய நிலையில் இருக்கும்போது தேவைப்பட்டால் குடத்தை மட்டும் விரைவாகச் சூடாக்கலாம். ஒரு துளி நீரை விட்டால் சீறி ஆவியாகும் அளவு போதும். சூட்டை முதலில் கேட்டவர்களுக்கு இப்போது அனுமதி வழங்குகிறேன். தடையாக இருந்த பிசிறு நீங்கிவிட்டதல்லவா.

உவர்மலை கடைச்சல்காரன் | வெள்ளி, இரவு 10.05

புல்லி வந்துவிட்டது.

நேற்றுக் கிண்ணியாவுக்குப் போய்த் தகட்டை வாங்கி வந்தேன். காலையில் புல்லியைப் பழைய இடத்துக்குத் தள்ளவே அரை மணி நேரம் சென்றது. குழி நடுவில் தெரிந்ததும் 5 மி.மீ. பிட்டைக் கைச்சக்கில் பூட்டிக் கையாலேயே சுற்றினேன். முதல் சில சுற்றுகளில் ஒரு பக்கம் மட்டும் உரசியது. பிறகு முழு வட்டமாகச் சீவியது. வெளியே வந்த சீவல் மிகச் சிறிய வெள்ளி வளையம் போல இருந்தது. இந்த வளையத்துக்காகத்தான் ஒரு வாரம் போனது, ஒரு விளிம்பும் உடைந்தது.

தகட்டைப் பிணைத்து முறுக்கினேன். மூன்றாவது கால் சுற்றில் ஒரு முனகல் கேட்டது. அதன் பின் ஸ்பனரைச் சுற்றச் சுற்ற ஸ்பின்டில் நெய்யில் இழுத்தது போல வந்தது. சூடே தேவைப்படவில்லை. ஸ்பின்டிலில் துரு இருந்தது உண்மை, ஆனால் துணியால் துடைத்தாலே பாதி போய்விட்டது. கீறல் 2 மி.மீ. நீளம் மட்டுமே.

இனிப் பேரிங் வாங்க வேண்டும். 6205 என்று கடையில் சொன்னார்கள், அது சரியா?

பஞ்சிகாவத்தை போய்வருபவன் | வெள்ளி, இரவு 10.40

6205இன் உள்விட்டம் 25 மி.மீ. உங்கள் ஸ்பின்டில் 25.4 மி.மீ. அதற்குள் போகவே போகாது. தேய்த்துப் போகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். பழைய பேரிங்கின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைத் துடைத்துப் படியுங்கள். 1 அங்குல உள்விட்டம், 2¼ அங்குல வெளிவிட்டம், ⅝ அங்குல அகலம் இருந்தால் அது ஆர்.எல்.எஸ். 8 என்ற அங்குல வகை. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பழைய பேரிங்கைக் கையில் கொண்டுபோவது நல்லது.

பொருத்தும்போது உள்வளையத்தை மட்டுமே அழுத்தி ஸ்பின்டிலில் ஏற்றுங்கள். மற்றொன்று, தயவுசெய்து சிரிக்க வேண்டாம்: ஸ்பின்டிலை உள்ளே விடுவதற்கு முன் பெல்ட்டைப் புல்லியின் மேல் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் பூட்டி, கிரீஸ் துடைத்து, கை கழுவிய பின் ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தவன் எழுதுகிறேன்.

கந்தளாய் வாசகன் | சனி, காலை 7.15

அடுத்த முறை இறுகாமல் இருக்க ஸ்பின்டிலில் தேங்காய் எண்ணெய் பூசலாமா? எங்கள் வீட்டில் எல்லாப் பூட்டுக்கும் அதுதான்.

நிலாவெளி மெக்கானிக் | சனி, காலை 7.50

பூசலாம், இறுக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால். நாட்பட்டால் அது தடித்துப் பிசினாகும். உங்கள் வீட்டுப் பூட்டுகள் இன்னும் திறப்பது பூட்டுகளின் பொறுமை.

ஸ்பின்டிலை நுண்ணிய எமரித் தாளால் துடைத்து, செப்புக் கலந்த இறுகல் தடுப்புக் கிரீஸ் மெல்லிய படலமாகப் பூசுங்கள். அதைவிட முக்கியம், கிரப் ஸ்குரூ விழும் இடத்தில் அரத்தால் ஒரு சிறிய தட்டையான பரப்பை வெட்டிவிடுங்கள். பிறகு ஸ்குரூ பிசிறு எழுப்பினாலும் அது தட்டைப் பரப்புக்குள்ளேயே கிடக்கும். வட்டத்துக்கு வெளியே தலை நீட்டாது. ஸ்குரூவுக்கு அடியில் பயறளவு பித்தளைத் துண்டு ஒன்றைப் போடுவது இன்னும் நல்லது. மேலே பூட்டும் இரண்டாவது ஸ்குரூவையும் போடுங்கள். போட்ட பின் ஹெட்ஸ்டொக்கின் மூடிக்கு உட்புறம் "இரண்டு ஸ்குரூ, ⅛ அங்குலம்" என்று பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர் | சனி, காலை 9.30

உடைந்த விளிம்பை எவரும் கேட்கவில்லை. அதைப் பார்க்காமல் புல்லியைச் சுழலவிடக் கூடாது.

புல்லியைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு சிறு இரும்பால் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணி போல ஒலிக்கும். வெடிப்பு உள்ளது சட்டி போலச் சத்தமிடும். அடுத்து உடைந்த இடத்தைச் சுற்றி மண்ணெண்ணெய் பூசிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தேய்த்துவிடுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து சோக்கின் மேல் கோடாகத் தெரியும். கோடு குடத்தை நோக்கி ஓடினால் அந்தப் புல்லி காட்சிக்கு மட்டும்தான்; மோட்டரின் நிமிடத்துக்கு 1440 சுற்றில் சுழலும் எதிலும் அதைச் சேர்க்கக் கூடாது. கோடு இல்லையென்றால் உடைந்த முனையை அரத்தால் மழுங்கச் செய்து பயன்படுத்தலாம். கூர்மையாக விட்டால் பெல்ட்டின் பக்கத்தை அது சீவிக்கொண்டே இருக்கும்.

உவர்மலை கடைச்சல்காரன் | இரு வாரங்களின் பின், ஞாயிறு, மாலை 6.15

தாமதத்துக்கு மன்னிக்கவும், பேரிங் கொழும்பிலிருந்து வர நாளானது. பஸ்ஸில் அனுப்பியிருந்தார்கள். ஆர்.எல்.எஸ். 8 தான்.

புல்லி மணி போலவே ஒலித்தது. சோக்கில் கோடு விழவில்லை. தட்டைப் பரப்பு வெட்டி, பித்தளைத் துண்டு போட்டு, இரண்டு ஸ்குரூவும் பூட்டிவிட்டேன். பெல்ட்டை முதலிலேயே போட்டேன், அதுவும் ஒன்றல்ல இரண்டு: ஒன்று ஓட, மற்றொன்று ஹெட்ஸ்டொக்கின் மூலையில் கட்டிவைத்த மாற்றுப் பெல்ட். அடுத்த முறை பெல்ட் அறும்போது ஸ்பின்டிலைத் தொட வேண்டியதில்லை.

இயந்திரம் ஓடுகிறது. கொரகொரப்பு போய்விட்டது. பெரிய படியில் போட்டு ஒரு முதிரைக் கட்டையைக் கடைந்தபோது மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறிய டிக் சத்தம் கேட்டது. நிறுத்திப் பார்த்தேன், உடைந்த விளிம்பின் ஒரு முனையில் அரம் சரியாகப் படாமல் விட்டிருந்தேன், பெல்ட் அதில் தட்டியிருக்கிறது. அரை வட்ட அரத்தால் மூன்று இழுப்பு இழுத்ததும் சத்தம் நின்றது. நானா, உங்கள் தகடும் எம்12 போல்ட்டும் எண்ணெய் பூசிய துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.